பேரிங்காரரின் கம்ப்யூட்டர் பெட்டி

திண்டிவனத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து “வெளிய வாடா” என்று சண்டைக்குக் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் பேரிங்காரர்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் நான் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தேன். அவர் ரிட்டயரான தபால்காரர். ஸ்டாம்பு ஒட்டாத தபாலுக்கு, அதாவது பேரிங் தபாலுக்கு, வாங்குகிறவர்தான் காசு கட்டவேண்டும். இஷ்டமில்லையென்றால் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பிவிடலாம். இதையே ஓயாமல் பேசி அந்தப் பேர் வந்தது.

வீட்டில் போன் இல்லை. மஸ்கட்டிலிருந்து மகன் போடும் மெயிலைப் பார்க்கத் தினமும் வருவார். மெயில் பெட்டியைத் திறந்தால் லாட்டரி, மாத்திரை, வழுக்கைக்குத் தைலம் என்று விளம்பரமாகக் கொட்டும். மகனைத் தேடி எடுப்பதற்குள் அரை மணி ஓடிவிடும்.

“பதினஞ்சு ரூபா எடுங்க பெரியவரே” என்பார் ஓனர்.

“அனுப்சவன் கிட்ட வாங்குய்யா! எவனோ குப்பையக் கொட்டிக்கினு போவான், நான் தெண்டம் அழணுமா?”

“அவன் அமெரிக்காவுல கீறான். நான் இன்னா போய் வசூல் பண்றதா?”

பேரிங்காரர் ஒற்றை விரலால் ஒவ்வொன்றுக்கும் ‘வாங்க மறுத்தார்’ என்று இங்கிலீஷில் பதில் அடிப்பார். இங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பத்து அனுப்பியவர்கள் நூறு அனுப்புவார்கள். விடுவாரா? நூற்றுக்கும் பதில் அடித்துவிட்டுத்தான் அழிப்பார்.

“தைலக்காரன் இன்னாம்மா இப்டி பேஜார் பண்றான்?” என்று பளபளத்த தலையைத் தடவுவார். எனக்கு யாரிடமும் பேச வெட்கம். முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பத்து நாள் அவர் வரவில்லை. எழுந்து வந்த அன்று, மகனோடு மஸ்கட்டில் தங்கியிருந்த கூட்டேரிப்பட்டுக்காரர் அவரைத் தேடி சென்டருக்கே வந்தார். மகன் இறந்துவிட்ட செய்தி.

“ஒடம்பு முடியலன்னு மூணு தபா உங்களுக்கு மெயில் போட்டாருங்க. மூணும் திரும்பிடுச்சு.”

பேரிங்காரர் அழவில்லை. “‘வாங்க மறுத்தார்’னு போட்டுக்கினு திரும்புச்சா?”

“இல்லீங்க. பெட்டி ரொம்பிடுச்சு, எடமில்லன்னு வந்துச்சாம்.”

“நான் மறுக்கலம்மா” என்றார் என் பக்கம் திரும்பி. “நான் மறுக்கல.”

அன்றைக்கு ஓனர் காசு கேட்கவில்லை. பேரிங்காரரே பதினைந்து ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் தினமும் வந்தார். யாருக்கும் பதில் அடிப்பதில்லை, அழிப்பதோடு சரி. கண் மங்கியதும் ஒரு சீட்டில் மகன் பேரைப் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, கீழே பாஸ்வேர்டையும் போட்டு என் கையில் கொடுத்தார். “இந்தப் பேர் இல்லாதது எல்லாத்தையும் அழிச்சிடும்மா. எடம் இருக்கணும்.”

அஞ்சாவது படித்தவள் நான், எழுத்தை ஒத்துப் பார்த்துக்கொள்வேன். அவர் செத்துப்போன பிறகும், சென்டரை ஒரேயடியாக மூடுகிறவரைக்கும், தினமும் தரையைப் பெருக்கியபின் அந்தப் பெட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அந்தச் சீட்டு இன்னும் என் சுருக்குப்பையில் இருக்கிறது.