தண்ணீரே விடாத தோட்டத்துக்கு முதல் பரிசு

நீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது ஒவ்வொரு விவசாயியின் தலையாய கடமை. அந்தக் கடமையை எங்கள் பகுதிக் கத்தரித் தோட்டக்காரர் தமக்கே தெரியாமல் நிறைவேற்றிவிட்டார். கோடை தொடங்கும்போதே அவருடைய கிணற்று மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் கேட்டு நீர்ச் சேமிப்பு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செடிகள் வாடிச் சருகாகின.

அதன் பிறகு அதிகாரி வந்தார். நேராக நீர் மீட்டரிடம் போனார். முள் அசையவே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தம் பணிக்காலத்தில் இப்படியொரு சிக்கனத்தைக் கண்டதில்லை என்று தோட்டக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டக்காரர் மோட்டார் எரிந்த கதையைச் சொன்னார். அதிகாரி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

தோட்டக்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சார், செடியெல்லாம் செத்துப்போச்சு. கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

"செடி வேற துறைம்மா," என்றார் அதிகாரி பொறுமையாக. "நாங்க தண்ணி மட்டும்தான்."

விருது விழா அந்தத் தோட்டத்திலேயே நடந்தது. விருந்தினர்மேல் புழுதி படக்கூடாது என்று லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். அந்தத் தண்ணீர் விழாக் குழுவினுடையது, சிக்கனத்தில் சேராது. தோட்டக்காரருக்குப் பதக்கம் மாட்டி, மாதாமாதம் ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். மோட்டார் மனு மட்டும் தள்ளுபடியானது. முன்மாதிரி விவசாயிக்கு மோட்டார் கொடுத்தால் விருதுக்கு என்ன மரியாதை?

நகரத்திலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் கார் காராக வந்தார்கள். சருகுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 'நீரில்லா வேளாண்மை' என்று பெயர் வைத்து, அதற்கு வகுப்பும் நடத்தினார்கள். தோட்டக்காரரின் மனைவி செத்த செடிகளைப் பிடுங்கப் போனாள். காட்சிப் பொருளில் கை வைக்கக்கூடாது என்று காவலாளி தடுத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊக்கத்தொகை வந்து சேர்ந்ததும் சிரிப்பு நின்றது. ஒருநாள் காலையில் அவர்களில் ஒருவரான தோட்டக்காரரின் மச்சான் வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்ள, மோட்டாரை எப்படி எரிச்சே?"

"நான் எங்க எரிச்சேன்? அதுவா எரிஞ்சுது."

சொந்தக்காரனிடம்கூடத் தொழில் ரகசியத்தை மறைக்கிறானே என்று மச்சான் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் முயற்சியைக் கைவிடவில்லை. யாருமே கைவிடவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் பகுதி முழுவதற்கும் விருது கிடைத்தது. பாராட்டு விருந்துக்குக் காய்கறி வெளியூரிலிருந்து வந்தது. நாங்கள் எல்லாரும் பதக்கத்தோடு வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டோம். கத்தரிக்காய் பிஞ்சாக, ருசியாக இருந்தது. எவனோ பொறுப்பில்லாதவன் நன்றாகத் தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறான்.