கங்காணி உத்தியோகமும் மங்கி குல்லாவும்

சம்பளம் வருகிற வேலையில் மனிதன் அடக்கமாகத்தான் இருப்பான். சம்பளமே இல்லாத வேலையில்தான் தலைக்கனம் ஏறும். சந்தேகமிருந்தால் கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவரைப் பாருங்கள். அல்லது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்போது கொடைக்கானலில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு சிற்றலை வானொலி. கூரை மேல் கம்பி இழுத்துக் கட்டி, ரேடியோவின் கரகரப்புக்குள் காதைக் கொடுத்து, எந்த நாட்டுக்காரன் பேசுகிறான் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கு. (என்ன பேசுகிறான் என்று புரிய வேண்டிய அவசியமில்லை. நாடு தெரிந்தால் போதும்.)

இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்காகவே கோயம்புத்தூரில் ஒரு வங்கி அதிகாரி இணையதளம் ஒன்றை ஆரம்பித்திருந்தார். மலேசியாவில் ஓர் ஆசிரியர், யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர், தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருந்த ஒருவர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர், 'நேற்று மணிலா கேட்டது' என்று எழுதுவார். இன்னொருவர், 'அது மணிலாவாக இருக்க வாய்ப்பே இல்லை' என்பார். சண்டை வாரக்கணக்கில் போகும். விலக்கிவிட ஆள் வேண்டுமென்று அந்த அதிகாரி என்னை மாடரேட்டர் ஆக்கினார்.

எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் குடியேறியது. மாடரேட்டர் என்றால் என்னவென்று அப்பாவுக்கு விளக்கினேன். எல்லாரும் எழுதுவார்கள், நான் மேற்பார்வை பார்ப்பேன், தப்புப் பண்ணினால் வெளியே அனுப்புவேன் என்றேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, கங்காணி! நம்ம பரம்பரையில எல்லாரும் கங்காணிகிட்ட ஏச்சு வாங்குனவங்கதான்டா. நீதான் மொதக் கங்காணி."

அவ்வளவுதான், தரையில் கால் பாவவில்லை. நான் பிடித்த மாஸ்கோவை தாஷ்கண்ட் என்று சொன்ன பாவத்துக்காக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை ஒரு வாரம் தள்ளிவைத்தேன். (அது தாஷ்கண்ட்தான்.)

தலைக்குள் கனம் ஏறிய வேகத்தில் தலைக்கு வெளியே முடி இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வயதுக்குள் உச்சி முழுவதும் பொட்டல். ஆனால் கொடைக்கானலில் மங்கி குல்லா என்றொரு தெய்வம் உண்டு. வருடம் முழுக்கப் போட்டுக்கொண்டு திரியலாம், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரு தடவை கூரையில் கம்பி கட்டும்போது காற்று குல்லாவைப் பறித்துக்கொண்டு போக, நண்பன் அந்தக் கோலத்திலேயே என்னைப் படம் எடுத்துவிட்டான். நானும் அந்தப் படத்தையே தளத்தில் என் முகமாகப் போட்டிருந்தேன். காது உள்ளவர்கள் கூடுகிற இடத்தில் முடியைப் பற்றி என்ன கவலை?

இந்தச் சமயத்தில் கன்னிவாடியில் பெண் பார்த்தார்கள். அடிவாரத்து வெயிலில் மங்கி குல்லாவோடு போய் உட்கார்ந்த ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். "காதுல காத்துப் போனா ஆகாதுங்க" என்று அம்மா சமாளித்தாள். வியர்வை கழுத்து வழியாக ஓடியது. கேசரி கொண்டுவந்த ஈஸ்வரி என்னைப் பார்த்துவிட்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அவள் அப்பா முறுக்கிய மீசையும், தலையில் உருமாவாகச் சுற்றிய துண்டுமாக உட்கார்ந்திருந்தார். "காடு கரை ஏதும் இருக்குங்களா?"

எங்களுக்கு ஒரு சாண் நிலமில்லை. அம்மா அசரவில்லை. "கம்ப்யூட்டர்ல பெரிய எடம் இருக்குங்க. இவன்தான் அங்க கங்காணி."

அவர் யோசித்தார். அந்தப் பக்கத்தில் காட்டை நேரில் பார்க்காமல் பெண்ணைக் கொடுக்கிற வழக்கமில்லை. "அப்பச் சரி. வந்து பாத்துருவோம்."

அந்த 'எடம்' அப்போது இருந்த நிலைமை எனக்குத்தான் தெரியும். சிற்றலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. செல்போனிலேயே எஃப்.எம். வந்துவிட்டது. உறுப்பினர்கள் நழுவிப் போய், கடைசியில் நானும் உப்பளக்காரரும் மட்டும் ஒருவருக்கொருவர் வணக்கம் போட்டுக்கொண்டிருந்தோம். கல்யாணக் கனவில் நானும் சில வாரங்களாக அந்தப் பக்கம் போகவில்லை.

சொன்னபடி கன்னிவாடியிலிருந்து வெள்ளனே கிளம்பி, ஏரியைப் பார்க்கிற சாக்கில் ஈஸ்வரியையும் கூட்டிக்கொண்டு குடும்பமே மேலே வந்தது. எங்கள் வீட்டாரும் சேர, எல்லாருமாகப் பிரவுசிங் சென்டருக்குள் நெருக்கியடித்து நின்றோம்.

"பட்டா யாரு பேருல கெடக்கு?" என்றார் வருங்கால மாமனார்.

"கோயம்புத்தூர்க்காரர் பேர்லங்க. ஆனா பொறுப்பெல்லாம் நான்தான்."

"பாதை உண்டா?"

"எந்த ஊர்லேருந்தும் வரலாங்க."

"வேலி?"

"பாஸ்வேர்டு இருக்குங்க."

அவர் திருப்தியாகத் தலையசைத்தார். "ம், வெரசாத் தொற."

அன்றைய இணையம் வெரசாத் திறக்கிற ஜாதி இல்லை. பக்கம் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக இறங்கியது. முதலில் பச்சை இலைகள் வந்தன. பிறகு ஒரு எண்ணெய்ப் பாட்டில். 'தப்பான இடம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் 'உபயோகிக்கும் முன்' என்ற எழுத்து வந்தது. அதன் கீழே கொஞ்சம் வானம், பிறகு பளபளவென்று ஒரு மண்டை, பிறகு நெற்றி, கடைசியில் என் கண்கள். பக்கத்திலேயே 'உபயோகித்த பின்' என்று புதர் மாதிரி முடியோடு எவனோ ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். வங்கி அதிகாரி தளத்தை ஒரு கூந்தல் தைலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் உள்ளே கிடந்த படங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றேன் அழாத குறையாக.

அப்பா பெருமூச்சு விட்டார். "எஸ்டேட்ட விக்கிற தொரை எவன்டா கங்காணிகிட்டச் சொல்லிட்டு வித்தான்?"

ஈஸ்வரியின் அம்மா, "ஆத்தீ!" என்று வாயில் கை வைத்தாள். மாமனார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, குல்லாவக் கழட்டு."

கழற்றினேன். கொடைக்கானல் குளிரை என் உச்சந்தலை அன்றைக்குத்தான் முழுசாக அறிந்தது. அவமானத்தை விட, கல்யாணம் போயிற்றே என்கிற துக்கம்தான் பெரிதாக இருந்தது. ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எடந்தானப்பா போச்சு" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "ஆளு இங்கனதான நிக்கிறாரு!"

"நீ சும்மா கெட கழுத" என்று அதட்டிவிட்டு, அவர் என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அறை நிச்சயம் என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். மெதுவாகத் தலைத் துண்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு முடி இல்லை.

"மாப்ள, நெசத்தச் சொல்லுங்க" என்றார் கிசுகிசுப்பாக. "அந்த எண்ணெ வேல செய்யுதா?"

'மாப்ள' என்ற வார்த்தைக்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை. "சூப்பரா வேல செய்யும் மாமா!" என்று சொல்லிவிட்டேன்.

அதை நம்பிய மனிதர் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணெயை விடாமல் தேய்த்தார். (தலை தீபாவளிக்கு நானே ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். வேறு வழி?) அந்த தீபாவளியன்று நானும் அவரும் வெறுந்தலையோடு சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட படம் கன்னிவாடி வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது. யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்கள். என் காலடியில் 'உபயோகிக்கும் முன்' என்றும், மாமனார் காலடியில் 'உபயோகித்த பின்' என்றும் ஈஸ்வரி தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள்.