முழு மார்க் வாங்கிய கரடி

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. காடென்றால் சிங்கமும் உண்டு. இந்தக் காட்டிலும் இருந்தது. ஆனால் அது குகையில் உட்கார்ந்து சட்டம் போடுவதோடு சரி. ஆகவே கதை ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது.

அங்கே பொன்னுரங்கம் என்றொரு கரடி வந்து சேர்ந்தது. மருத மரத்தின் உச்சிக் கொம்பில் இருந்த தேன்கூடு முற்றிவிட்டதா என்று பார்க்க ஏறி, பிடி நழுவி, இடுப்பில் அடிபட்டு வந்திருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "விழல, குதிச்சேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எலும்பு முறியவில்லை. வீக்கம் மட்டும் பூசணிக்காய் பருமன்.

இடுப்பு வலியைவிடப் பெரிய கவலை அதற்கு வேறு. அமாவாசை தாண்டினால் தேனீக்களே தேனைக் குடித்துவிடும் என்பார்கள்; அதற்குள் அந்தக் கூட்டை இறக்கியாக வேண்டும். தான் இறக்காவிட்டால் மச்சினன் சடையப்பன் இறக்கிவிடும். மச்சினன் இறக்கிய கூட்டில் மெழுகுகூட மிஞ்சாது.

சேர்ந்த அன்றே பிசியோதெரபி பார்க்கும் கொக்கு வந்தது. அதன் பெயர் அன்னக்கொடி. யார் வந்தாலும், எங்கே அடிபட்டிருந்தாலும், நடக்க முடிகிறதா, தள்ளாடாமல் நிற்க முடிகிறதா என்று சோதித்து மார்க் போடுவது அதன் வேலை. முக்காலியிலிருந்து எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். கண்ணை மூடி நிற்க வேண்டும். கொக்கு அலகால் நெஞ்சில் லேசாகத் தள்ளும், சாயக் கூடாது. தரையில் கிடக்கும் நாவற்பழத்தைக் குனிந்து எடுக்க வேண்டும். ஆலமர விழுதுவரை நடந்து திரும்பி வந்து உட்கார வேண்டும். கடைசியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பரீட்சையைத் தயாரித்தது கொக்கு என்பதால் அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் மார்க் அதிகம்.

கொக்கு கரடியின் இடுப்பில் ஒரு கொடியைக் கட்டி, மறுமுனையைத் தன் காலில் சுற்றிக்கொண்டது. நோயாளி விழப்போனால் பிடித்து நிறுத்த அந்த ஏற்பாடு. கொக்கு கரடியை எப்படிப் பிடித்து நிறுத்தும் என்று யாரும் கேட்டதில்லை. விதி விதிதான்.

"வலிச்சா சொல்லுங்கய்யா. கம்பு வேணும்னா பிடிச்சுக்கங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்றது கொக்கு.

"கம்பா? எனக்கா?"

பக்கத்துக் கட்டிலில் ஒரு மயில் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் மனைவி மரகதம் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தது. கரடி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தது. நின்றது. குனிந்தது. நடந்தது. ஒற்றைக் காலில் நின்று, கேட்காமலேயே மறு காலிலும் நின்று காட்டியது.

"முழு மார்க்!" என்றது கொக்கு. "இந்த வார்டுல முதல் நாளே யாரும் வாங்கினதில்ல."

கட்டிலுக்குத் திரும்பியதும் கரடி தலையணையைக் கடித்தது.

"என்னங்க, கண்ணெல்லாம் தண்ணியா இருக்கு?"

"ஆனந்தக் கண்ணீர். நீ சட்டியைத் திற."

மரகதம் மூடியைத் திறந்தது. அந்தச் சத்தத்துக்கு ஈடான மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

அடுத்து மயிலின் முறை. மயிலுக்கு விரலில் முள் குத்தியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் முக்காலியைப் பார்த்ததுமே அது "அம்மாடி, தலை சுத்துதே" என்று தோகையோடு சரிந்தது. நாவற்பழத்தை எடுக்கச் சொன்னதற்குப் பழத்தின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. முட்டைக்குச் சற்று மேலே ஏதோ மார்க் விழுந்தது. கரடி வயிறு குலுங்கச் சிரித்தது.

சில நாள் கழித்து மயில் எழுந்து, ஒயிலாக நடந்து, திரும்பி, ஒற்றைக் காலில் நின்றது. வார்டே கைதட்டியது. "என்ன முன்னேற்றம்! என்ன முன்னேற்றம்!" என்று கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. மயில் மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போனது.

கரடிக்கு அதற்குள் வீக்கம் வடிந்து, வலியும் போயிருந்தது. அதுவும் பரீட்சை எழுதியது. மறுபடி முழு மார்க்.

"அப்ப நான் கிளம்பலாமா?"

"எங்கே கிளம்புறீங்க?" என்றது கொக்கு வருத்தத்தோடு. "உங்களுக்கு முன்னேற்றமே இல்லையே."

விஷயம் இதுதான். முன்னொரு சமயம் சிங்கத்தின் சித்தியை அரைகுறையாகக் குணமான நிலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தி குகை வாசலிலேயே இடறி விழுந்தது. சிங்கம் கர்ஜித்துச் சட்டம் போட்டது: தேறியவரை மட்டுமே அனுப்ப வேண்டும்; கடைசி மார்க் முதல் நாள் மார்க்கைவிடக் கூடியிருந்தால்தான் தேறியவர். முழு மார்க்குக்கு மேலே மார்க் வாங்க அந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது.

"அம்மா, அன்னிக்கு எனக்கு உயிர் போற வலி. நடிச்சேன். அந்த முதல் நாள் மார்க்கைக் கொஞ்சம் குறைச்சிடுங்க."

"நீங்க ரெண்டு கால்லயும் மாத்தி மாத்தி நின்னதை வார்டே பார்த்துச்சு. நான் ஒரு மார்க் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"அப்ப நான் எப்பத்தான் வீட்டுக்குப் போறது?"

"முன்னேறினதும்" என்று சொல்லிவிட்டு, கொக்கு அடுத்த கட்டிலுக்குப் பறந்தது.

அன்று சாயங்காலம் மரகதம் வந்து இன்னொரு செய்தி சொன்னது. "என் தம்பி சடையப்பன் பாவங்க. உங்க கூட்டை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு மரத்தடியிலேயே படுத்துக் காவல் காக்கிறான்."

"வாயைத் திறந்து வெச்சுக்கிட்டா படுத்திருக்கான்?"

"உங்களுக்கு எப்பவும் அவன் மேல ஒரு சந்தேகம்."

மனைவி போனதும் கரடி கட்டிலில் முட்டிக்கொண்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, கட்டிலை உடைச்சிராதீங்க. கீழே நான் இருக்கேன்."

அது வடமலை என்ற சாரைப்பாம்பு. வயிற்றில் சிக்கிய பெருச்சாளிக்காக வந்தது. பெருச்சாளி எப்போதோ செரித்துவிட்டது. பாம்பு மட்டும் போகவில்லை.

"எனக்கு முதல் நாள் முட்டை. ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னாங்க, எந்தக் கால்னு கேட்டேன். அதுக்கும் முட்டை. தினமும் முட்டை. நீங்க கூரையில முட்டிக்கிட்டு நிக்கிறீங்க, நான் தரையில ஒட்டிக்கிட்டுக் கிடக்கேன். ரெண்டு பேருக்கும் முன்னேற்றம் கிடையாது."

"வழியே இல்லையா தம்பி?"

"உங்களுக்கு இருக்கு. ஆஸ்பத்திரிக்குள்ள விழுந்தா, அது புதுக் கேஸ். புது முதல் நாள், புது மார்க். நல்லா விழுந்து முட்டை வாங்குங்க. அப்புறம் எழுந்து நில்லுங்க. போயிடலாம்."

"இவ்வளவு தெரிஞ்ச நீ ஏன் விழல?"

"எங்கேண்ணே விழுறது? ஏற்கெனவே தரையிலதானே இருக்கேன்."

கரடி இரவெல்லாம் யோசித்தது. அதன் பரம்பரையில் யாரும் பிறர் பார்க்க விழுந்தது கிடையாது. எல்லோரும் குதித்தவர்கள். மானமா, தேனா? விடியும்போது தேன் ஜெயித்தது.

மறுநாள் பரீட்சையில் விழுதுவரை ஒழுங்காக நடந்துபோய், திரும்பும் இடத்தில், "விழறேன்!" என்று அறிவித்துவிட்டு விழுந்தது. ஆஸ்பத்திரி அதிர்ந்தது. கொடியைக் காலில் சுற்றியிருந்த கொக்கு ஆகாயத்தில் ஒரு வட்டமடித்துக் கரடியின் தொப்பைமேல் வந்து இறங்கியது. அப்போதும் அது கொடியை விடவில்லை. அது கடமை தவறாத கொக்கு.

"வலிக்குதா?"

"பயங்கரமா."

"எழுந்திருக்க முடியுமா?"

"என்னால ஆகாது தாயி" என்று நாவற்பழத்தின் பக்கத்தில் கரடி படுத்துக்கொண்டது. மயிலைப் பார்த்துச் சிரித்தபோதே அந்தப் பாடத்தைக் கவனித்து வைத்திருந்தது.

"முட்டை!" என்றது கொக்கு. அதன் குரலில் அப்படியொரு மகிழ்ச்சி. முன்னேறாத நோயாளியை வைத்திருப்பது ஏன் என்று குகையிலிருந்து அதற்கும் கடிதம் வந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் கரடி எழுந்தது. நின்றது. நடந்தது. ஒற்றைக் காலில் நின்றது. முட்டையிலிருந்து முழு மார்க்! மயிலுக்குக்கூட இவ்வளவு முன்னேற்றம் இல்லை. வார்டு ஆர்ப்பரித்தது. கொக்குக்குக் குகையிலிருந்து பாராட்டு வந்தது. கரடி மாலையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஓடியது. அன்று அமாவாசை.

மருத மரத்தடியில் சடையப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. மேலே தேன்கூடு அப்படியே இருந்தது.

"மாமா, காத்து அடிச்சுது. கூடு விழுந்துடுமோன்னு தாங்கிப் பிடிக்க ஏறினேன்…"

"நம்புறேன் மாப்பிள்ளை."

மரகதம் அழுதது. "என்னங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

கரடி மச்சினனை அன்போடு முதுகில் ஏற்றிக்கொண்டது. நல்ல கனம்.

"மாமா, அங்க ஏதோ பரீட்சை வைப்பாங்களாமே. எனக்குப் பயமா இருக்கு. எப்படி நடந்துக்கணும்?"

கரடி ஒரு நிமிஷம் நின்று, மரத்தை அண்ணாந்து பார்த்தது. கூட்டிலிருந்து ஒரு சொட்டுத் தேன் அதன் மூக்கில் விழுந்தது. நக்கிக்கொண்டது. பிறகு நெஞ்சு நெகிழச் சொன்னது:

"மாப்பிள்ளை, நீ யார் வீட்டுப் பிள்ளை? எதையும் பிடிக்காம எழுந்திரு. வலிச்சாலும் முகத்துல காட்டாதே. முதல் நாளே முழு மார்க் வாங்கணும். அக்கா பெருமைப்படணும்."

"மாமா, உங்களை எவ்வளவு தப்பா நினைச்சிருந்தேன்!" என்று சடையப்பன் கரடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது.

சடையப்பன் மாமா சொன்ன சொல் தட்டாமல் முதல் நாளே முழு மார்க் வாங்கியது. கரடி அன்றே திரும்பி வந்து, நிதானமாக, கம்பு ஊன்றி, கயிறு கட்டி மரமேறி, கூட்டை இறக்கியது. அதில் ஒரு துண்டைத் தூக்குச்சட்டியில் போட்டு மச்சினனுக்கும் கொடுத்தனுப்பியது. உறவு விட்டுப்போகக் கூடாது அல்லவா?

நீதி: ஆஸ்பத்திரியில் முதல் நாளே நிமிர்ந்து நிற்காதே; நிற்கச் சொல்லித் தட்டிக்கொடுக்கும் உறவினர் இருந்தால், அவர் வீட்டில் என்ன முற்றியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு உடனே கீழே விழு.