லண்டன் போக ஒரு பரீட்சை

மனைவி சுல்ஃபத் லண்டனுக்குப் போகக் கூடாது என்ற மகா பெரிய முடிவை ரஷீது எடுத்தது, அவள் வைத்த குடம்புளி மீன்கறியைத் தட்டோடு வழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான்.

மகள் அன்ஸியாவுக்கு லண்டனில் பேறுகாலம். உம்மா துணைக்கு வரவேண்டும் என்கிறாள். நியாயம்தான். ஆனால் மூன்று மாதம் இந்தக் கறியை யார் வைப்பது? "எனக்குச் சோறு பொங்கத் தெரியாது, போகாதே" என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்கிற ஆளுக்கு மானம் என்று ஒன்று உண்டே! அதனால் பழியைத் தூக்கி இங்கிலீஷ் தலையில் போட்டார்.

"போகலாம் சுல்ஃபத். ஆனா அங்கே இங்கிலீஷ் வேணுமாக்கும். வார்த்தை தெரிஞ்சா மட்டும் போதாது. அழுத்துற இடத்துல அழுத்தணும். இடம் மாத்தி அழுத்தினா ஏர்போர்ட்ல ஆபீசருக்கு ஒண்ணும் புரியாது. அடுத்த பிளேன்லேயே திருப்பி ஏத்திடுவான்!"

"யா அல்லாஹ்! ஏத்திடுவானா?"

"பின்னே? ஜூ டவுன் கடைத்தெருவுல தினமும் வெள்ளைக்காரன்கிட்ட பேசுறவன் நான். எனக்குத் தெரியாதா?"

சுல்ஃபத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "அப்ப ஒரு பரீட்சை வைங்க. நீங்களும் சொல்லுங்க, நானும் சொல்றேன். ஜெயிச்சவங்க போகட்டும். தோத்தவங்க வீட்டைப் பார்த்துக்கட்டும்."

ரஷீதுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடியோ காலில் மகளிடமே வாக்குக் கொடுத்தார். அவள் உடனே ஒரு ஆப் அனுப்பினாள். வார்த்தையைச் சரியாக அழுத்திச் சொன்னால் பச்சை. தப்பாகச் சொன்னால் சிவப்பு.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாயாவும் பழம்பொரியுமாகப் பரீட்சை தொடங்கியது.

"ஹோட்டல்!" என்றார் ரஷீது, முதலெழுத்தின்மேல் உலக்கையைப் போட்டமாதிரி.

சிவப்பு.

"மெஷின் கேடு."

சுல்ஃபத் கண்ணை மூடினாள். முழங்காலில் விரலால் மெல்லத் தட்டினாள். முன்பாதியை லேசாக விட்டு, பின்பாதியை அழுத்தினாள்.

பச்சை!

ரஷீது "போட்டோகிராஃப்" என்றார். பச்சை. மீசை நிமிர்ந்தது. அதே வேகத்தில், அதே இடத்தில் அழுத்தி, "போட்டோகிராஃபர்" என்றார். சிவப்பு.

"இதென்ன அநியாயம்! வாலில் ஒண்ணு ஒட்டினதுக்கு அழுத்தம் வீடு மாறிப் போகுமா?"

"கல்யாணமான பொண்ணு மாதிரிங்க. இப்ப அடுத்த வீட்டுல குடியிருக்கு" என்று சொல்லி, அடுத்த இடத்தில் அழுத்தினாள்.

பச்சை!

ரஷீதுக்குப் பழம்பொரி தொண்டையில் நின்றது. "எட்டாம் கிளாஸோட நின்னவ நீ! உனக்கு எப்படி...?"

"சின்ன வயசுல இருந்து குர்ஆன் ஓதுறேனே. எங்கே நீட்டணும், எங்கே அழுத்தணும், எங்கே விடணும்னு உஸ்தாது பிரம்பை வெச்சுகிட்டுல்ல சொல்லித் தந்தாரு! காது பழகிடுச்சு. இதுவும் காது வேலைதானே?"

தெருப் பெண்பிள்ளைகளுக்கு அவள் தினமும் மதியம் ஓதல் சொல்லித்தருவதைக் கேட்டுக்கொண்டேதான் ரஷீது தூங்குவார். கேட்டுக்கொண்டே என்பது பொய். தூங்குவார், அவ்வளவுதான்.

அவளைக் கட்டிப்போடக் கடைசியாக ஒரு கயிறு மிச்சமிருந்தது. "சரி, போ. ஆனா இந்தச் சீசன்ல டிக்கெட் எங்கே கிடைக்கும்?"

"அன்ஸியா போன மாசமே எடுத்துட்டா."

"போன மாசமேயா!"

"நீங்க உங்க வாயாலே போன்னு சொல்லாம எப்படிப் போறது? அதுக்குத்தான் அஞ்சு வேளையும் துஆ செஞ்சேன். வழியை நீங்களே திறந்துட்டீங்க. அல்ஹம்துலில்லாஹ்!"

அவள் போய்ச் சேர்ந்தாள். எந்த ஆபீசரும் திருப்பி ஏற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரஷீது மீன் வாங்கி வந்தார். அடுப்படியில் நின்று, மீன்கறி வைப்பது எப்படி என்று போனிடம் இங்கிலீஷில் கேட்டார். புரியவில்லை என்றது போன். இன்னும் ஓங்கி அழுத்திக் கேட்டார். அப்போதும் புரியவில்லை. மீன் அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் லண்டனுக்கு அடித்தார்.

"சுல்ஃபத், இந்த போனுக்கு நான் சொல்றது ஒண்ணும் புரியலையே!"

"அதுக்கென்னங்க," என்றாள் அவள் பாசத்தோடு, "நம்ம மலையாளத்துல கேளுங்க. அது பாவம், அதையும் புரிஞ்சுக்கும்."