ஒன்றரை அடி மைதிலி

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டு வரமாட்டார்கள். பெண் பார்க்கப் போவதற்கு நல்ல நாள், நல்ல நேரம், பூ, பழம் என்று ஆயிரம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஏதோ சாமான் வாங்க வந்த மாதிரி வேலை செய்யும் இடத்துக்கு வந்து, விலை கேட்டு, பேச்சுக் கொடுத்து, ஆள் குடிகாரனா, கோபக்காரனா, காது ஒழுங்காகக் கேட்கிறதா என்பது வரை பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். தனக்குப் பரீட்சை நடந்ததே பையனுக்கு அப்புறம்தான் தெரியும். எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கோட்டை விட்டவன் இந்த நாமக்கல் வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஜாதகம் பொருந்தினால் குடும்பம் பொருந்தாது. குடும்பம் பொருந்தினால் பெண்ணுக்குப் பெங்களூர் மாப்பிள்ளைதான் வேண்டும். என் அம்மா வேண்டாத தெய்வம் இல்லை. (வேண்டுதல் எல்லாம் எனக்கு, மொட்டையும் எனக்கே. தலையில் முடி வளர்ந்து ஒரு போட்டோ எடுப்பதற்குள் அடுத்த மொட்டை வந்துவிடும்.) கடைசியில் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவருடைய மகளின் ஜாதகம் எல்லாப் பொருத்தத்தோடும் வந்து சேர்ந்தது. பெயர் மைதிலி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப் போனால் இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

இந்த இடத்தில்தான் தரகர் தன் கைவரிசையைக் காட்டினார்.

"பட்டறைன்னா பொண்ணூட்ல யோசிப்பாங்க சாமி. அதனால கம்ப்யூட்டர் டிசைனிங்னு சொல்லிப்போட்டேன். நாளைக்குப் பொண்ணோட அப்பா ஸ்டிக்கர் வாங்கற சாக்குல வாராரு. ஒரு அரை மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்க, போதும்."

பட்டறைக்கு அடுத்த கதவு என் பெரியப்பா மகன் செந்திலண்ணனின் ஸ்டிக்கர் கடை. கம்ப்யூட்டரில் பெயரை எழுதினால், பக்கத்தில் இருக்கும் மெஷின் ஒரு குட்டிக் கத்தியால் ஸ்டிக்கர் ரோலில் அதை அப்படியே வெட்டித் தரும். லாரிகளில் நீங்கள் பார்க்கும் குலதெய்வம், பிள்ளைகள் பெயர் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். மறுநாள் காலை செந்திலண்ணன் தன் நாற்காலியை எனக்குத் தானம் செய்துவிட்டு, திரையோரம் இருந்த குட்டிப் படங்களைக் காட்டிப் பாடம் எடுத்தார்.

"இந்த அம்பு, புடிக்கறதுக்கு. இந்தப் பேனா, கோடு போட. இது எழுத்துக்கு. இந்தக் கை இருக்குதல்ல, இது தாள நவுத்தறதுக்கு. அப்புறம் மவுஸ் சக்கரத்த உருட்டுனா..."

போன் அடித்தது. ஆட்டையாம்பட்டியில் ஒரு பள்ளிக்கூட வேனுக்கு உடனே பேர் ஒட்ட வேண்டுமாம். அண்ணன் பறந்துவிட்டார். சக்கரத்தை உருட்டினால் என்ன ஆகும் என்ற பாடம் அந்தரத்தில் நின்றுவிட்டது. அது கிடக்கட்டும், சும்மா உட்காருவதற்கு எதற்குப் பாடம் என்று நானும் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

வெள்ளை வேட்டி சட்டையில் பெண்ணின் அப்பா வந்தார். பெரிய மீசை. சிரிப்பு என்பது எங்கேயும் தென்படவில்லை.

"ஏனுங் தம்பி, புது ரிக் வண்டி பூசை போட்டு நிக்குது. ராகு காலத்துக்கு முன்னால மத்தியப் பிரதேசம் கெளம்போணும். முன்கண்ணாடிக்கு எம்பட புள்ள பேரு வேணும். மைதிலி. நீளம் ஒன்னரை அடி. நின்னு வாங்கிட்டே போறேன்."

சாக்குக்கு வருகிறார் என்று சொன்ன தரகரை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டு எழுத்துப் படத்தை அமுக்கினேன். 'மைதிலி' என்று அடித்தேன். வந்துவிட்டது! பொடியாகத்தான் இருந்தது, இருந்தாலும் வந்துவிட்டது. அம்பால் பிடித்துத் திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இழுத்தேன். பிறகு, பட்டறைக்காரன் புத்தி எங்கே போகும், இடுப்பிலிருந்த டேப்பை உருவித் திரைமேல் வைத்து அளந்தேன். அச்சாக ஒன்றரை அடி.

"பாருங்க, நூல் பிசகலைங்க" என்றேன்.

அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கொஞ்சம் நடுவில் வைக்கலாமே என்று அந்தக் கைப் படத்தை அமுக்கி ஓர் இழுப்பு இழுத்தேன். பட்டறைக் கை அல்லவா, இழுத்த வேகத்தில் மைதிலி காணாமல் போனாள். திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஐயோ, அழித்துவிட்டேன்! அவர் தெருப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மறுபடியும் அடித்தேன், இழுத்தேன், டேப் வைத்தேன். சரி. போனில் செய்தி படிப்பது போலக் கீழே தள்ளிப் பார்க்கலாம் என்று சக்கரத்தை உருட்டினேன். ஒன்றரை அடி மைதிலி கடுகாகிக் கண்ணை விட்டே மறைந்தாள். மறுபடியும் அடி, மறுபடியும் இழு, மறுபடியும் டேப். எதிர்ப்பக்கம் உருட்டினேன். எழுத்தின் ஒரு வளைவு மட்டும் திரை முழுக்கக் கருகருவென்று நின்றது. அதையும் கை போட்டு அப்புறப்படுத்தினேன். எத்தனை தடவை எழுதினேன் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஸ்ரீராமஜெயம் எழுதியிருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும். கடைசியில் ஒரு மைதிலி அசையாமல் நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டும் பொத்தானை அமுக்கினேன்.

மெஷின் டிர்ரென்று கிளம்பியது. முதலில் வெளியே வந்த மைதிலி ஒரு கட்டெறும்பு நீளம் இருந்தாள். அடுத்தவள் தீப்பெட்டி அளவு. பின்னாலேயே இன்னொருத்தி, அதற்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு 'மை' என்று ஒற்றை ராட்சத எழுத்து வர ஆரம்பித்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சிவப்பு ரோல் மேஜையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டைப் பார்த்துப் போனது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நிற்கவில்லை. அவர் போனை எடுத்து வீடியோ கால் போட்டார்.

"சாமி, இங்க உம்பேரு நிக்காம வந்துட்டே இருக்குது. என்ன கண்ணு பண்றது?"

மகளை எதற்குக் கூப்பிடுகிறார்?

"நம்ம மைதிலி துணிக் கம்பெனில இதே மாதிரி கம்ப்யூட்டர்லதான் தம்பி துணி வெட்டறதுக்குப் படம் போடுது" என்றபடி போனைத் திரைக்கு நேராகப் பிடித்தார். (தரகர் இதை என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. அந்த ஆள் இன்றைக்கும் நன்றாக இருக்கட்டும்.)

"ஏனுங்க, மவுஸ் சக்கரத்தப் பின்னாடி உருட்டுங்க" என்றது போனிலிருந்து வந்த குரல். உருட்டினேன். "இன்னும். இன்னும் உருட்டுங்க."

ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. மேயப் போன ஆடுகள் மாதிரி அந்த வெள்ளை வெளி முழுக்க மைதிலிகள். சிறிசு, பெரிசு, நோஞ்சான், குண்டு.

"ஒன்னுகூட அழியலைங்க. எல்லாம் நவுந்துதான் போயிருக்குது. சக்கரம் உருட்டுனா பாக்கறதுக்குத்தானுங்க பெருசாத் தெரியும், அளவு மாறாது. அளவு எப்படி வெச்சீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "டேப்பு வெச்சு அளந்தாப்ல சாமி. டிவி மேலயே."

போனில் ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், பட்டறையில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மானம் போனது. பெண்ணும் போனாள் என்று நினைத்தேன்.

"மேல அளவுக்குனு ஒரு கட்டம் இருக்குது பாருங்க, அதுல பதினெட்டு இஞ்ச்னு அடிங்க" என்று சிரிப்புக்கு நடுவே அவள் சொன்னபோது மெஷின் தானாகவே நின்றது. ரோல் தீர்ந்துவிட்டது. கடையில் வேறு சிவப்பு ரோல் இல்லை.

இனி மறைத்து என்ன பயன்? "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றேன். "பக்கத்துப் பட்டறைல லாரிக்குப் பாடி கட்டறவனுங்க நானு."

அவர் மீசை முதல்முறையாக அசைந்தது. "அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ரிக் வண்டி வெச்சிருக்கறவனுக்குப் பாடி கட்டற மாப்ள கெடச்சா கசக்குமா? கம்ப்யூட்டருக்காரன்னு சொன்னதுனாலதான் யோசனையாவே வந்தேன். சரி சரி, நேரமாவுது. இருக்கறத எடுங்க, ஒட்டிப்போடலாம்."

அந்த வண்டி ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பியது. முன்கண்ணாடியில் 'மை' என்ற ஒற்றை எழுத்து. கதவில், டீசல் டேங்கில், காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடிகளில் பொடிப்பொடியாக மைதிலிகள். போகிற ஊரில் எல்லாம் இது என்ன சாமி என்று கேட்டுக் கும்பிட்டார்களாம். எங்கள் கல்யாணம் ஆவணியில் நடந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், சாவியோ கண்ணாடியோ, மைதிலி கேட்பது ஒன்றுதான்: "அழிஞ்சு போச்சுங்களா, நவுந்து போச்சுங்களா?" வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் காபிக்கு முன்னால் இந்தக் கதைதான் வரும்.

போன மாதம் எங்களுக்குள் பெரிய சண்டை. மிக்ஸி ஜாரில் ஆரம்பித்து என் வம்சம் வரை போனது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோடு போய்விட்டாள். இரண்டு நாள் வீறாப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் தாங்கவில்லை, போன் செய்தேன். எடுத்தவர் மாமனார்.

"ஒன்னும் அழியலைங் மாப்ள" என்றார். "நவுந்துதான் வந்திருக்குது. சக்கரத்தப் பின்னாடி உருட்டிட்டு வந்து சேருங்க."

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை, உதடு மட்டும் துடித்தது.

"ஒன்னரை அடி தள்ளியே நில்லுங்க" என்றாள்.

நிஜ ஒன்றரை அடியா, நான் அளந்த ஒன்றரை அடியா என்று கேட்டேன். அவ்வளவுதான், உள்ளேயிருந்து மாமனார் சிரிக்கும் சத்தம் முதலில் கேட்டது.