வரலட்சுமியின் நீலக் குடமும் நித்திய சுபிட்ச வங்கியும்

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் நெருப்பையும் சக்கரத்தையும் ஓரமாக வைத்துவிடலாம். நெருப்பு அணைந்துபோகும், சக்கரம் பஞ்சராகும். அணையாதது, பஞ்சராகாதது, எதையும் மறக்காதது என்று ஒன்று உண்டென்றால், அது நம் ஒவ்வொருவர் பெயரிலும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் வீற்றிருக்கும் கடன் கோப்புதான். பெற்ற தாய் நம் நட்சத்திரத்தை மறக்கலாம். கட்டிய புருஷன் கல்யாண நாளை மறப்பான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கோப்பு மறக்காது. அப்பேர்ப்பட்ட மகத்தான வஸ்துவின் கடைக்கண் பார்வை, கொருக்குப்பேட்டை ஷேர் ஆட்டோ டிரைவர் வரலட்சுமி மேல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை விழுந்தது.

விழுந்த இடம் நித்திய சுபிட்ச வங்கி, திருவொற்றியூர் கிளை. வரலட்சுமி அங்கே போனது ஆட்டோ லோனுக்கு. ஆறு வருஷமாக அவள் ஓட்டும் ஆட்டோ அவளுடையதில்லை, மளிகை மொத்த வியாபாரி ராசையா அண்ணாச்சியுடையது. தினம் நானூறு ரூபாய் வாடகை. மழையானாலும் காய்ச்சலானாலும் ராத்திரிக்குள் கொடுத்துவிடுவாள். அண்ணாச்சி ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துத் தருவார். இப்போது அண்ணாச்சி கடையை மூடி, ஆட்டோவையும் விற்றுவிட்டு மகனிடம் கோயம்புத்தூர் போகிறார்.

"ஒனக்குத்தான் மொதல்ல சொல்லுதேன். வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுப்பேன், அதுக்கு மேல முடியாது, பாத்துக்கிடு" என்று சொல்லியிருந்தார்.

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக 'என் வண்டி' என்று சொல்ல ஒரு வாய்ப்பு. பின்பக்கக் கண்ணாடியில் மகள் மாயாவின் பெயரை மஞ்சளில் எழுதுவதா சிவப்பில் எழுதுவதா என்பது வரை வீட்டில் சண்டை நடந்து முடிந்திருந்தது. மஞ்சள் ஜெயித்தது.

கடன் அதிகாரி ஷிபின் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் ஆரம்பித்தார்.

"மேடம், உங்க பேர்ல ஒரு 'டிஃபால்ட்' இருக்கு. கிரெடிட் கார்டு வாங்கிட்டுக் கட்டாம விட்டிருக்கீங்க. ரெண்டாயிரத்துப் பதினாலு. நம்ம பேங்க்தான்."

"இன்னா சார் சொல்றீங்கோ? ரேசன் கார்டு, ஆதாரு, இந்த ரெண்ட தவுர வேற கார்ட நான் கண்ணால பாத்ததில்ல."

"நாப்பத்தோராயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு ரூபா."

"அந்தக் கார்டுல நான் இன்னா வாங்கினேன்?"

"ஒண்ணுமே வாங்கல மேடம். வருஷக் கட்டணம் நானூத்தித் தொண்ணூத்தொம்பது. அதைக் கட்டாததுக்கு அபராதம். அபராதத்துக்கு வட்டி. வட்டிக்கு வரி." ஷிபின் குரலில் ஒரு கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவரின் பக்தி இருந்தது.

வரலட்சுமி பையிலிருந்து அண்ணாச்சியின் நோட்டுகளை எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். ஆறு வருஷம், ஆறு நோட்டு. "ஒரு நாளு பாக்கி கீதா பாருங்க சார்."

ஷிபின் ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு மரியாதையாக மூடினார். "இது கம்ப்யூட்டர்ல இல்லையே மேடம்."

கம்ப்யூட்டரில் இருந்தது வேறு. திரையைத் திருப்பிக் காட்டினார். பழைய விண்ணப்பம், அவளுடைய கையெழுத்து, அதன் கீழே ஒரு வரி: 'வரவேற்புப் பரிசு: குடம், நீலம், எண்ணிக்கை 1. பெற்றுக்கொண்டேன்.'

"அடக் கடவுளே, அந்தக் குடமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த கோடை அது. கொருக்குப்பேட்டையில் குடம் என்பது வெறும் பாத்திரமல்ல, ஆள். நீங்கள் வேலைக்குப் போயிருந்தாலும் உங்களுக்குப் பதில் வரிசையில் உங்கள் குடம் நிற்கும். குடம் நின்றால் நீங்கள் நிற்பதாக அர்த்தம். அதை ஓரம் தள்ளியவள் வீட்டோடு அதன்பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. அந்தச் சமயம் பார்த்து ரயில்வே கேட் பக்கத்தில் குடை விரித்து, டை கட்டிய இரண்டு பேர் 'ஒரு கையெழுத்து, ஒரு குடம்' என்று கூவினால், எந்தப் புத்தியுள்ள பொம்பளை படிவத்தைப் படித்துக்கொண்டு நிற்பாள்? படித்து முடிப்பதற்குள் குடம் தீர்ந்துவிடாதா?

பிறகு வரலட்சுமி அப்போது குடியிருந்த வீட்டை இடித்தார்கள். கார்டு விலாசம் தேடிக் களைத்து, வங்கிக்கே திரும்பிப் போய், பெட்டகத்தில் பத்திரமாக உறங்குவதாகக் கம்ப்யூட்டர் சொன்னது.

"சரி சார், அந்தக் கணக்க மூடிடுங்க."

"கார்டை ரெண்டா வெட்டிக் கொடுத்தா மூடிடலாம்."

"கார்டு உங்ககிட்டதானே கீது? நீங்களே வெட்டுங்க."

"வாடிக்கையாளர் கார்டை பேங்க் வெட்டக் கூடாது மேடம். குற்றம்."

"அப்போ எங்கிட்ட குடுங்க, நான் வெட்டறேன்."

"பாக்கி இருக்கிறவங்களுக்குக் கார்டு கொடுக்க முடியாது."

"மெய்யாலுமே பேஜாரா கீதே சார்!"

ஷிபின் இரக்கமுள்ளவர். விதிப்புத்தகத்தை இரண்டு மணி நேரம் துழாவி, விதி பதினேழைக் கண்டுபிடித்தார். வரவேற்புப் பரிசைத் திருப்பித் தந்தால், கணக்கு ஆரம்பிக்கப்படவே இல்லை என்று கொள்ளலாம்!

வியாழக்கிழமை வரலட்சுமி நீலக் குடத்தோடு வந்தாள். பதினொரு வருஷம் உழைத்த குடம், அடியில் தார் ஒட்டு. வங்கியில் அன்று வரிசை வாசல் வரை இருந்தது. சவாரியை விட்டால் ராத்திரி வாடகைக்கு எங்கே போவது? அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். வரிசையில் தன் இடத்தில் குடத்தை வைத்துவிட்டு, விம்கோ நகருக்கு ஒரு சவாரி ஓட்டப் போனாள்.

வாட்ச்மேன் மஜீது காசிமேட்டுக்காரர், விஷயம் தெரிந்தவர். ஆள் நகர நகரக் குடத்தையும் நகர்த்திக்கொண்டே வந்தார். குடத்தின் முறை வந்தது.

"அடுத்தவங்க!" என்றார் ஷிபின். "எங்கே அடுத்தவங்க?"

"தோ நிக்கிது சார். வரலட்சுமியக்கா."

"இது குடம்."

"குடம் நின்னா ஆளு நின்ன மாறி சார். எங்க பக்கம் அதான் சட்டம்."

"வாடிக்கையாளர் 'நேரில்' வரணும்னு விதி இருக்கு."

"கார்டு அந்தக்காவ நேர்ல பாக்காமயே கடங்காரியாக்கல?" என்றார் மஜீது.

ஷிபின் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் வந்தார். குடத்தின் சுற்றளவு அளக்கப்பட்டது. 'உபயோகிக்கப்பட்டுள்ளது' என்று குறிப்பு எழுதப்பட்டது. தேய்மானமாக எண்பது ரூபாய் விதிக்கப்பட்டது. வரலட்சுமி மூச்சிரைக்க ஓடி வந்து எண்பது ரூபாயைக் கட்டினாள். முத்திரை குத்திய சான்றிதழைக் கொடுத்து மேலாளர் கைகுலுக்கினார்.

"அப்போ நாளிக்கி லோன் கெடச்சிரும்ல?"

"கோப்புல இருந்து அழிய நாப்பத்தஞ்சு வேலை நாள் ஆகும் மேடம்" என்றார் ஷிபின்.

எதையும் மறக்காத ஒன்றுக்கு, மறப்பதற்கு அவகாசம் வேண்டாமா? நியாயம்தானே. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு அந்த நியாயம் தெரியவில்லை, அடுத்த நாளே வந்துவிட்டது. அண்ணாச்சி "என்னய மன்னிச்சிரு தாயீ" என்று சாவியை வாங்கிக்கொண்டார். வரலட்சுமி வீடு வரை நடந்தே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்று தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் நிற்க அவளுக்குக் குடமும் இல்லை.

திங்கட்கிழமை ராயபுரத்திலிருந்து ஜோபின் ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். ஜோபினுக்கு ஆட்டோ ஓட்டத் தெரியாது. ஆனால் போன வாரம் வரை பதினொரு ஆட்டோ வைத்திருந்தார். அவருடைய கடன் மதிப்பெண் எண்ணூற்றுப் பன்னிரண்டு. நித்திய சுபிட்ச வங்கி அவருக்கு ஒன்றரை மணி நேரத்தில் லோன் கொடுத்திருந்தது, அண்ணாச்சியின் ஆட்டோவை வாங்க. பின்பக்கக் கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் 'ஜோபின் - 12' என்று இருந்தது.

"இந்த வண்டி உன் கைக்குப் பழகினது. நீயே ஓட்டும்மா. வாடகை மட்டும் ஐந்நூறு" என்றார். பிறகு, பெரிய மனதோடு, ஒரு புது நீலக் குடத்தை நீட்டினார். "பேங்க்ல குடுத்தான். எனக்கு வீட்ல போர் இருக்கு, நீ வச்சுக்க."

வரலட்சுமி குடத்தைத் தொடவில்லை.

"அண்ணே, லோனுக்குக் கையெழுத்து யாருது?"

"என்னோடதுதான்."

"மாசாமாசம் கட்டப்போற துட்டு?"

ஜோபின் கொஞ்சம் நெளிந்தார். "அது உன் வாடகையில இருந்து போகும்."

"கட்ட கட்ட மார்க்கு யாருக்கு ஏறும்?"

"எனக்குத்தாம்மா. ஃபைலு என் பேர்லதானே இருக்கு?"

"கொடத்த நீங்களே வெச்சிக்கோங்கண்ணே. பதினோரு வருசம் கழிச்சி எவனாச்சும் வந்து கேப்பான்" என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

மகத்தான வஸ்துவை நாம் குறை சொல்லலாகாது. கண்ணால் பார்க்காத கார்டுக்காக வரலட்சுமியை அது பதினொரு வருஷம் ஞாபகம் வைத்திருந்தது. ஆறு வருஷம் தினம் தவறாமல் அவள் கொடுத்த நானூறு ரூபாய்க்கு அதில் ஒரு வரி கிடையாது. இனிமேல் கொடுக்கப்போகும் ஐந்நூறுக்குக் கட்டாயம் உண்டு, ஜோபின் பெயரில்.