கண்ணை மூடும் வியாதி

"மயோப்பியா."

சீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. கண் டாக்டர் அதைக் கிறுக்கிக் கையில் திணித்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் ஓடிவிட்டார். "மீதியை நாளைக்கு வந்து கேட்டுக்குங்க" என்றாள் நர்ஸ்.

நாளை வரை யார் பொறுப்பது? ஸ்டோர் கீப்பர் வாசலில் நின்றபடியே மச்சானுக்கு போன் போட்டார். மனைவியின் தம்பி, அகராதி அச்சகத்தில் பிழை திருத்துபவன். எந்த வார்த்தைக்கும் பூர்வீகம் சொல்லிவிடுவான்.

"மச்சான், மயோப்பியான்னா என்னடா?"

"கிரேக்கச் சொல்லு மாமா. கண்ணை மூடறதுன்னு அர்த்தம்."

"யாரு... மூடறது?"

"அது யாருக்கு வருதோ அவங்கதான். மூடாம முடியாதே! மெஷின் ஓடுது மாமா, சாயங்காலம் வர்றேன்."

அடுத்த போன் மனைவிக்கு.

"ஐயோ! எத்தனை நாளாம்?"

"சீட்டுல தேதி போடலடி."

அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "பதினோரு வருஷமா மேனேஜரைத் திட்டறதையெல்லாம் என்கிட்டயே திட்டினீங்க. இப்பவாவது நேர்ல கேட்டுட்டு வாங்க."

நியாயமாகத்தான் பட்டது. சாப்பாட்டு நேரம், ஆபீஸ் காலி. நீண்ட ஹாலின் கோடியில், நாற்காலியில் மேனேஜர். கிட்டே போகத் துணிச்சல் இல்லை. வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"யோவ்! என் கல்யாணத்துக்கே அரை நாள்தானேய்யா லீவு குடுத்தே! நான் கண்ணை மூடினாலும் லீவு லெட்டர் எங்கேன்னு கேப்பே! நீயெல்லாம் மனுஷனா?"

மேனேஜர் ஆமாம் ஆமாம் என்று தலையைத்தான் ஆட்டினார்.

மாலையில் மச்சான் வந்தபோது, அக்கா சுவரில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அட, தூரத்துல இருக்கறது தெரியலைன்னா கண்ணைப் பாதி மூடி, இடுக்கிப் பார்ப்போம்ல? அதைப் பார்த்து கிரேக்கக்காரன் வெச்ச பேரு! வெறும் கிட்டப்பார்வை மாமா. கண்ணாடி போட்டா முடிஞ்சுது!"

அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டாள். கையோடு முதுகில் ஒன்று வைத்தாள். ஸ்டோர் கீப்பர் சிரித்தார், அழுதார், திடீரென்று எழுந்து நின்றார்.

"உயிர் இருக்கு. வேலை?"

மறுநாள் காலை, மன்னிப்புக் கடிதமும் கையுமாக ஹாலுக்குள் நுழைந்தார். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"என்ன சார், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி?"

"மேனேஜர் கால்ல விழணும்மா. நேத்து சாப்பாட்டு நேரத்துல கன்னாபின்னான்னு பேசிட்டேன்."

"மேனேஜர்தான் நேத்து லீவாச்சே சார்! நாற்காலில தொங்கினது முந்தாநாள் அவர் விட்டுட்டுப் போன மழைக்கோட்டு. ஈரமா இருந்துச்சு, ஆடி ஆடிக் காயட்டும்னு நான்தான் ஃபேனைப் போட்டுட்டுப் போனேன்."